நான்கு மாலைகள், நான்கு கைகள்: ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டும் முறை

ஜிஞ்சர்பிரெட் வீட்டை, அதாவது இஞ்சியும் மசாலாவும் சேர்த்துச் சுட்ட கெட்டி ரொட்டியால் கட்டும் குட்டி வீட்டை, ஒரே நாளில் கட்டி முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மாவு பிசைய ஒரு மாலை, சுட்டெடுக்க ஒரு மாலை, சுவர் நிறுத்த ஒரு மாலை, கூரை வைக்க ஒரு மாலை. அலங்காரத்துக்கு அதன்பின் வரும் ஞாயிற்றுக்கிழமை. இப்படி ஒதுக்கிக்கொண்டால், இதுவரை ஒரு கேக்கூடச் சுட்டறியாத தம்பதியும் நேராக நிற்கிற வீட்டைக் கட்டிவிடலாம்.

நாங்கள் ஜெர்மனியில், நியூரம்பெர்க்குக்குப் பக்கத்தில் எர்லாங்கனில் இருக்கிறோம். கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரில், நாலே காலுக்கெல்லாம் இருட்டிவிடும் அந்த மாலைகளை எப்படிக் கழிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டுப் பாட்டியம்மாதான் ஒரு தகர டப்பா நிறைய லேப்கூகன் (ஜிஞ்சர்பிரெட்டின் ஜெர்மன் வகை) கொடுத்து, வீடு கட்டுகிற கதையையும் சொன்னார். அந்த வருஷம் சனிக்கிழமை காலை மாவு பிசைந்து, மதியம் சுட்டு, சாயங்காலமே கட்டினோம். இரவு ஒன்பது மணிக்கு இடது பக்கக் கூரை மெதுவாக வழுக்கி இறங்கியது. அதன் பாரத்தில் பக்கச்சுவர் வெளியே சாய்ந்தது. மூன்று தவறு: ரொட்டி மெத்தென்று இருந்தது, ஐசிங் தண்ணியாக இருந்தது, சுவர் இறுகும் முன் கூரையை ஏற்றினோம். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த மூன்றையும் எப்படித் தவிர்ப்பது என்பதுதான்.

இந்த ஊருக்கும் இந்தப் பண்டத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன். நியூரம்பெர்க்கைச் சுற்றியிருந்த பெருங்காட்டில் தேனீ வளர்ப்பு செழித்திருந்தது. வணிகப் பாதைகள் கூடும் ஊர் என்பதால் கிழக்கிலிருந்து மசாலாவும் வந்து சேர்ந்தது. தேனும் மசாலாவும் ஓரிடத்தில் கிடைத்ததில் லேப்கூகன் இங்கே வேரூன்றியது. 1643இல் லேப்கூகன் சுடுகிறவர்களுக்கென்று தனிச் சங்கமே அமைந்தது. இன்று 'நியூரம்பெர்க் லேப்கூகன்' என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. இதற்கு இன்னொரு ஜெர்மன் பெயர் 'ப்ஃபெஃபர்கூகன்', அதாவது மிளகு ரொட்டி. தூரதேசத்து மசாலா எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் மிளகு என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்த மிளகும் ஏலமும் இஞ்சியும் மலபார்க் கரையிலிருந்து கப்பலேறியவை. கடையில் 'லேப்கூகன் மசாலா' என்று விற்கும் சிறு பொட்டலத்தைப் பிரித்தால் பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், அன்னாசிப்பூ, மல்லி என்று நம் அஞ்சறைப்பெட்டி வாசம் அடிக்கும்.

வீடாகக் கட்டுகிற வழக்கம் பரவலானது 'ஹான்சலும் கிரெட்டலும்' கதையால். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட அந்தக் கதையில், காட்டுக்குள் சூனியக்காரியின் வீடு ரொட்டியால் ஆனது, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. இன்றும் ஜெர்மனியில் இதை 'ஹெக்ஸன்ஹவுஸ்', சூனியக்காரி வீடு என்றே சொல்கிறார்கள். நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் செய்து தரும் வீடுகளையெல்லாம் சேர்த்து ஒரு முழு நகரமாகவே வைக்கிறார்கள்.

எனக்கு இது அந்நியமாகப் படாததற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மார்கழி முடிந்து தை பிறந்ததும் சிறுவீட்டுப் பொங்கல் உண்டு. மார்கழியிலேயே வாசலில் மண்ணால் குட்டி வீடு கட்டி, அதற்கு வாசலும் அடுப்படியும் வைத்து, சிறுமிகள் பொங்கலிடுவோம். அங்கே மார்கழிக்கு மண் குழைத்தேன், இங்கே மார்கழி பிறக்கும் முன்பே மாவு குழைக்கிறேன்.

முதலில் அட்டை

மாவைத் தொடுவதற்கு முன் அட்டை வெட்டுங்கள். காலை உணவுத் தானிய டப்பா அட்டை போதும். முதல் வீட்டுக்கு நான் சொல்லும் அளவு இது:

முன்சுவர், பின்சுவர்: அகலம் 14 செ.மீ. பக்க உயரம் 10 செ.மீ. நடுவில் முகடு 18 செ.மீ. இரண்டு துண்டு.
பக்கச்சுவர்: நீளம் 16, உயரம் 10 செ.மீ. இரண்டு துண்டு.
கூரை: நீளம் 20, அகலம் 13 செ.மீ. இரண்டு துண்டு.

கதவை முன்சுவரில் வெட்டுங்கள். பின்சுவரின் அடியில் விளக்கு நுழைக்க 5 செ.மீ. சதுரத்தில் ஒரு திறப்பு விடுங்கள். இதை மறந்தால் பிறகு வழியே இல்லை. புகைபோக்கியை முதல் வருஷம் விட்டுவிடலாம். கூரைச் சரிவுக்கு ஏற்ப அதன் அடியைச் சாய்த்து வெட்டுவது பழகிய கைக்கே சிரமம்.

வெட்டிய அட்டைகளை டேப் ஒட்டி ஒருமுறை வீடாக நிறுத்திப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். சுவர் பொருந்துகிறதா, கூரை எவ்வளவு வெளியே நீள்கிறது, மேஜையில் எங்கே வைக்கப் போகிறீர்கள் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அட்டையில் பிசகிய அரை சென்டிமீட்டரைக் கத்தரிக்கோலால் திருத்தலாம்.

முதல் மாலை: மாவு

மைதா 650 கிராம்
தேன் 200 கிராம்
பழுப்புச் சர்க்கரை 150 கிராம்
வெண்ணெய் 150 கிராம்
முட்டை 1
சுக்குப் பொடி 3 டீஸ்பூன்
பட்டைப் பொடி 3 டீஸ்பூன்
கிராம்புப் பொடி, ஜாதிக்காய்ப் பொடி, ஏலப்பொடி தலா அரை டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்

சோடா மாவும் பேக்கிங் பவுடரும் இந்தப் பட்டியலில் இல்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தின்பதற்கான பிஸ்கட் உப்ப அவை வேண்டும். சுவருக்கான ரொட்டி உப்பினால் வெட்டிய அளவு மாறிவிடும், ஓரம் வளைந்துவிடும்.

தேன், சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வைத்து, சர்க்கரை கரையும் வரை கிளறுங்கள். கொதிக்க வேண்டாம். இறக்கிய சூட்டிலேயே மசாலாப் பொடிகளைப் போடுங்கள். சூடான வெண்ணெயில் பட்டதும் எழுகிற மணம் வீடு முழுக்க நிற்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே முட்டை. அவசரப்பட்டால் முட்டை வெந்து திரிந்துவிடும். பிறகு உப்புக் கலந்த மைதாவை மூன்று தவணையாகச் சேர்த்துப் பிசையுங்கள். கடைசித் தவணைக்குக் கை வலிக்கும், அங்கே ஆளை மாற்றிக்கொள்ளலாம். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக, பளபளப்பாக, கையில் ஒட்டாமல் வர வேண்டும். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் பால், ஒட்டினால் ஒரு கைப்பிடி மாவு.

இரண்டாகப் பிரித்துத் தட்டையாக்கி, காற்றுப் புகாமல் சுற்றி, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். மாவு ஈரத்தை உள்ளிழுத்து ஒரே பதமாகும். மசாலா வாசமும் ஏறும்.

ஊரில் செய்பவர்கள் பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாம். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, மண் வடிகட்டிவிட்டுச் சேருங்கள். மாவு ஒரு கைப்பிடி கூடப் பிடிக்கும். கருப்பட்டியும் சுக்கும் எப்படிச் சேரும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறம் அடர்த்தியாக, நிஜ மரச்சுவர் போலவே வரும்.

இரண்டாம் மாலை: சுடுவது

மாவை முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். பேக்கிங் காகிதத்தின் மேலேயே தேய்த்து, அதன் மேலேயே அட்டையை வைத்து வெட்டி, சுற்றியுள்ள மிச்ச மாவை உரித்தெடுங்கள். துண்டைக் கையில் தூக்கி வேறு தட்டுக்கு மாற்றாதீர்கள். தூக்கினால் நீளும், நீண்டால் கோணும். சுவருக்கு 6 மி.மீ. கனம், கூரைக்கு 5 மி.மீ. கனம் ஒரே சீராக வர, அந்தந்தப் பருமனுள்ள இரண்டு மரச்சட்டங்களை மாவின் இரு பக்கமும் போட்டு அவற்றின் மேல் கட்டையை உருட்டலாம்.

வெட்டிய துண்டுகளைக் காகிதத்தோடு தட்டிலேற்றி கால் மணி நேரம் குளிரவைத்துவிட்டு ஓவனில் வையுங்கள். 180 டிகிரி, விசிறி உள்ள ஓவன் என்றால் 160. பெரிய துண்டுக்கு 13 முதல் 16 நிமிடம். பெரியதையும் சிறியதையும் ஒரே தட்டில் கலக்க வேண்டாம், சிறியது கருகிவிடும். ஓரம் நன்றாகச் சிவந்து, நடுவில் விரல் வைத்தால் பள்ளம் விழாமல் இருந்தால் எடுக்கலாம். தின்ன விரும்பும் பதத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகவே வேகட்டும்.

எடுத்த உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் சூடான துண்டின் மேல் அட்டையை வைத்துப் பிடிக்க, மற்றவர் நீளக் கத்தியால் ஓரங்களை நேராக்க வேண்டும். சூட்டில் வெண்ணெய் போல வெட்டும். இரண்டு நிமிடம் போனால் நொறுங்கும். எங்கள் வீட்டில் கையுறையோடு அட்டை பிடிப்பது அவர், கத்தி என் கையில்.

கண்ணாடி ஜன்னல் வேண்டுமென்றால், சுடும் முன்பே ஜன்னலை வெட்டிவிடுங்கள். ஒளி ஊடுருவும் கெட்டி மிட்டாயை, பால் கலக்காத பழ மிட்டாயை, துணியில் கட்டி உடைத்துப் பொடியாக்குங்கள். சுவர் வெந்து முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தட்டை வெளியே இழுத்து, ஜன்னல் ஓட்டையில் விளிம்பு வரை பொடியை நிரப்பி, திரும்ப உள்ளே தள்ளுங்கள். உருகிக் குமிழி விட்டதும் எடுத்து, முழுக்க ஆறும் வரை தொடாமல் விடுங்கள். ஆறிய பின் காகிதம் தானாக உரிந்து வரும். மஞ்சள் மிட்டாய் போட்டால் உள்ளே விளக்கெரிவது போலவே இருக்கும்.

எல்லாவற்றையும் சமதளமான தட்டில், மூடாமல், இரவு முழுக்க விடுங்கள். காலையில் விரலால் தட்டினால் ஓடு தட்டுவது போல் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். சத்தமில்லாமல் வளைந்து கொடுத்தால், ஜன்னல் வைக்காத துண்டுகளை 150 டிகிரியில் இன்னும் பத்து நிமிடம் காயவைத்து எடுக்கலாம்.

மூன்றாம் மாலை: சுவர்

இந்த வீட்டுக்குச் சிமென்ட் ஐசிங்தான். இரண்டு முட்டை வெள்ளைக்கரு, 400 கிராம் சலித்த பொடிச் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. பிறகு உடைத்துத் தின்னப் போவதால், பச்சை முட்டையை நான் சேர்ப்பதில்லை. பாஸ்ச்சுரைஸ் செய்த வெள்ளைக்கருவோ, வெள்ளைக்கருப் பொடியோ கடையில் கிடைக்கும். முட்டை சேர்க்காத வீடாக இருந்தால், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைப் பிசுபிசுப்பாகச் சுண்டவைத்து நாலு மேசைக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தால் வெள்ளைக்கரு போலவே நுரைத்து வரும், சுண்டல் வாசமும் தெரியாது. அப்போது மாவில் உள்ள முட்டைக்குப் பதிலாக மூன்று மேசைக்கரண்டிப் பால் சேருங்கள்.

மின்கலக்கியால் ஐந்தாறு நிமிடம் அடியுங்கள். பதம் பார்ப்பது எப்படியென்றால், கரண்டியை நேராகத் தூக்கினால் மேலே நிற்கும் நுனி வளையக் கூடாது. நுனி தலை கவிழ்ந்தால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரை. இந்த ஒன்றில் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள். காற்றுப் பட்டால் உடனே காய்ந்துவிடும், பாத்திரத்தை ஈரத்துணியால் மூடியே வையுங்கள். பூசுவதற்குக் கனமான பிளாஸ்டிக் பையின் மூலையில் 4 மி.மீ. வெட்டினால் போதும். மருதாணிக் கோன் பிடித்துப் பழகியவர்களுக்குக் கை உடனே படிந்துவிடும்.

சுவரில் ஜன்னல் சட்டம், கொடி, செங்கல் கோடு எதுவும் போட விரும்பினால், துண்டுகள் படுத்திருக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். நிமிர்ந்த சுவரில் ஐசிங் வழியும். போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வரும்போது காய்ந்திருக்கும்.

ஒட்டும் முன் எல்லாச் சுவரையும் சும்மா சேர்த்து நிறுத்திப் பாருங்கள். இடிக்கும் ஓரத்தை இஞ்சி துருவும் சன்னத் துருவியால் மெல்லத் தேய்த்தால் சமமாகும். ரொட்டித்தூள் உதிர உதிரக் கிராம்பு மணக்கும்.

அடிப்பலகையில், நாங்கள் பயன்படுத்துவது வெள்ளித்தாள் சுற்றிய பழைய காய் நறுக்கும் பலகை, பின்சுவரின் கோட்டில் ஐசிங் கரை கட்டுங்கள். ஒருவர் பின்சுவரை அதில் பதித்துப் பிடிக்க, மற்றவர் பக்கச்சுவரின் அடியிலும் செங்குத்து ஓரத்திலும் தாராளமாகப் பூசி, பின்சுவரின் உட்பக்கத்தில், விளிம்போடு விளிம்பாகச் சேர்க்க வேண்டும். இரண்டும் 'ட' மூலையாகச் சேர்ந்ததும் தன்னால் நிற்கத் தொடங்கும். மூலைமட்டத்துக்கு ஒரு கெட்டியட்டைப் புத்தகத்தின் மூலையை உள்ளே வைத்துப் பார்த்தால் போதும். அடுத்து மற்றப் பக்கச்சுவர், கடைசியாக முன்சுவர். வெளிப்பக்கம் தக்காளி டின்களை முட்டுக் கொடுங்கள். கூரை இல்லாததால் உள்ளே கை நுழையும். நாலு மூலைகளிலும் உட்பக்கம் இன்னொரு தடவை தடிமனாகப் பூசிவிடுங்கள். வெளியே தெரியாத இந்தப் பூச்சுதான் வீட்டைத் தாங்குகிறது.

சுவீடனில் ஐசிங்குக்குப் பதில் சர்க்கரையை வெறுமனே உருக்கி, அந்தப் பாகில் ஓரத்தைத் தோய்த்து ஒட்டுவார்கள். நொடியில் பிடித்துவிடும். ஆனால் கோணலாக ஒட்டினால் திருத்த முடியாது, கையில் பட்டால் தோல் வெந்துவிடும். முதல் வீட்டுக்கு அது வேண்டாம்.

இனி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். அன்றைக்கே கூரை வைக்கும் ஆசை கண்டிப்பாக வரும்.

நான்காம் மாலை: கூரை

இந்த வேலை ஒருவரால் ஆகாது. கூரைப் பலகையைப் பிடிக்க ஒருவருடைய இரண்டு கையும் வேண்டும், பூச இன்னொருவர் வேண்டும்.

முன்சுவர், பின்சுவரின் ஒரு பக்கச் சரிவிலும் பக்கச்சுவரின் தலையிலும் ஐசிங் போடுங்கள். பக்கச்சுவர்த் தலையில் சிறு இடைவெளி தெரியும். சரிவான கூரை சமமான சுவரில் உட்காருவதால் வருவது அது, ஐசிங்கால் அடைத்துவிடலாம். பலகையை மேல்விளிம்பு முகட்டோடு வரும்படி வைத்து, மெல்ல அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம். கடிகாரம் பார்த்து, முழுசாக ஐந்து நிமிடம்.

எங்கள் சமையலறை மேஜையில் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் பதினெட்டு சென்டிமீட்டர் உயர வீடு. “விட்டுறாதிய” என்பேன். “விடல, நீ பூசு” என்பார். முகட்டுக்கு மேலாக ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். ஃபோன் அடித்தாலும் எடுக்க முடியாது, கை முழுக்கச் சர்க்கரை. வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட பேச்சுகளில் சிலவற்றை நாங்கள் பேசியது இந்த ஐந்து நிமிடங்களில்தான். அவருடைய அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வருஷம், ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்ற கேள்வியை அவர் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது, இரண்டு கையாலும் கூரையைப் பிடித்தபடி.

கை எடுக்கும் முன் கூரையின் கீழ் விளிம்புக்கு முட்டு வைக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் கட்டினால் அந்த விளிம்பு அடிப்பலகையிலிருந்து ஏறக்குறைய 8 செ.மீ. உயரத்தில் வரும். எங்கள் எவர்சில்வர் காபி டம்ளர் கச்சிதமாக அந்த உயரம். பக்கத்துக்கு இரண்டு டம்ளர் வைத்துவிட்டுக் கையை எடுக்கலாம். பத்து நிமிடம் பொறுத்து மறுபக்கப் பலகை. கடைசியில் முகட்டு நீளத்துக்கும் ஐசிங்கால் தடித்த வரி ஒன்று. டம்ளர்களை மறுநாள் காலை வரை எடுக்காதீர்கள்.

பலகை உடைந்துபோனால் கலங்க வேண்டாம். உடைந்த வாயில் ஐசிங் பூசி, படுக்கவைத்து, பின்பக்கம் ஒரு ரொட்டித் துண்டைப் பட்டையாக ஒட்டிக் காயவிடுங்கள். விரிசலின் மேல் பனி விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் இங்கே அட்வென்ட். நாங்கள் முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு வீடு தயாராகும்படி புதன்கிழமை மாவு பிசைகிறோம். அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று நியூரம்பெர்க்கின் கிறிஸ்துமஸ் சந்தை திறக்கும். அலங்கார மிட்டாயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கூரை ஓட்டுக்கு நான் சீவல் பாதாம் வைக்கிறேன், 150 கிராம் பிடிக்கும். நம் ஊரில் ஓடு வேய்கிற மாதிரியே கீழ்வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் தலையை மூடும்படி மேலே போங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை மட்டும் ஐசிங் தடவுங்கள், முழுக்கத் தடவினால் காய்ந்துபோகும். வேலிக்கு உப்புக் குச்சி பிஸ்கட். பனிக்குத் தேங்காய்த் துருவல், ஈரமில்லாத கொப்பரை வகை. கூரை விளிம்பில் தொங்கும் பனிக்கட்டிக்கு, ஐசிங்கில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, விளிம்பில் வைத்து அழுத்தி, கீழே இழுத்து, அழுத்தத்தை விட்டுவிடுங்கள். நூலாக இழுபட்டு நுனி கூர்மையாகும். வாசல்படியில் கல்கண்டு பதித்தால் உறைந்த பனியேதான். சீரக மிட்டாய் பூச்செடிக்கு ஏற்றது.

என் ஆசைக்கு வீட்டு முற்றத்தில் ஐசிங்காலேயே ஐந்துபுள்ளிக் கோலம் ஒன்று போடுவேன். மார்கழியில் வாசல் வெறுமையாக இருக்கக் கூடாதே.

கனமான மிட்டாயைக் கூரையின் கீழ்ப்பாதியில் மட்டும் வையுங்கள். உள்ளே பேட்டரி விளக்கு மட்டுமே, நிஜ மெழுகுவத்தி எக்காரணத்துக்கும் வேண்டாம். சூட்டில் ஜன்னல் மிட்டாய் உருகும், கூரை கருகும்.

இருவர் வேலையில் ரசனை மோதும். அவருக்குச் சமச்சீர் வேண்டும், எனக்கு நிறம் வேண்டும். இரண்டாம் வருஷத்திலிருந்து வலப்பக்கக் கூரை அவருக்கு, இடப்பக்கம் எனக்கு, முன்சுவர் இருவருக்கும் என்று பிரித்துக்கொண்டோம். ஒருவர் பக்கத்தை மற்றவர் திருத்துவதில்லை. முடித்ததும் பலகையின் அடியில் வருஷத்தை எழுதி, அதே ஜன்னலோரத்தில் வைத்து ஒரு படம் எடுக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒன்றே ஒன்று. ஒரு வருஷம் புகைபோக்கி, ஒரு வருஷம் கிணறு, போன வருஷம் திண்ணை.

சென்னையில், மதுரையில் செய்பவர்களுக்கு

குளிர்நாட்டில் சூடேற்றிய அறைக்குள் காற்று வறண்டிருக்கும், ரொட்டி வாரக்கணக்கில் கல்லாக நிற்கும். நம் ஊர்ப்பக்கம் டிசம்பர் காற்றே ஈரம். சர்க்கரையும் தேனும் அந்த ஈரத்தை இழுத்துச் சுவர் நமத்துப்போகும். அதனால் வீட்டைச் சின்னதாக்குங்கள், எல்லா அளவையும் முக்கால் பங்காகக் குறைத்து. தேனில் 50 கிராம் குறைத்துச் சர்க்கரை 50 கிராம் கூட்டுங்கள். மாவு இறுகினால் ஓரிரு ஸ்பூன் பால். இரண்டாம் முறை காயவைத்து எடுப்பதைத் தவறாமல் செய்யுங்கள். ஏசி அறையில் கட்டி அங்கேயே வையுங்கள். மிட்டாய் ஜன்னல் பிசுபிசுத்து வழியும், அதைத் தவிர்த்துவிடலாம். ஏசி இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு கட்டி, பண்டிகையன்றே உடைத்துச் சாப்பிடுவது நல்லது.

எறும்புக்கு எங்கள் ஆச்சி வீட்டு வழிதான். அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவாரே, அதேபோல நாலு டம்ளரைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் கவிழ்த்து, அதன் மேல் பலகையை வையுங்கள். பலகை சுவரைத் தொடாமல் இருக்கட்டும்.

உடைப்பது

கட்டுவது போலவே உடைக்கவும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மனசு வராமல் மாசி வரை தூசி படிந்து நிற்கும். சுவீடனில் ஜனவரி 13, 'கனூட்' நாளன்று கிறிஸ்துமஸ் மரத்தை வெளியே எடுத்துப்போட்டு, ரொட்டி வீட்டையும் உடைத்துத் தின்கிறார்கள். நமக்குப் போகி வருகிற அதே நாட்கள். நாங்கள் ஜனவரி 6இல் உடைக்கிறோம். மூன்று அரசர்கள் திருநாள், பவேரியாவில் அரசு விடுமுறை. கீழ்வீட்டுப் பாட்டியம்மாவும் வருவார். முதல் அடி அவருடையது.

ஐந்து வாரம் நின்ற ரொட்டி பல்லுக்கு அசையாது. இந்த ஊர் வழக்கம், தகர டப்பாவில் ரொட்டியோடு ஆப்பிள் துண்டு ஒன்றை வைத்து மூடுவது. ஓரிரு நாளில் மெத்தென்றாகிவிடும், ஆப்பிளைத் தினமும் மாற்றுங்கள். தூசி படிந்த வெளிப்பக்கத்தையும் கூரையையும் நாங்கள் சாப்பிடுவதில்லை. உட்சுவர்த் துண்டுகளை ஃபில்டர் காபியில் தோய்த்துச் சாப்பிடுவோம். மிச்சத்தை மிக்ஸியில் பொடித்து வைத்தால், பால் பாயசத்துக்கு மேலே தூவலாம்.

அட்டைகளைத் தூக்கிப்போட வேண்டாம். ஓர் உறையில் போட்டு, எத்தனை நிமிடம் சுட்டீர்கள், ஐசிங்குக்கு எவ்வளவு சர்க்கரை பிடித்தது, எந்த ஓரம் இடித்தது என்பதை அதன் மேலேயே எழுதி வையுங்கள். எங்கள் உறையில் அவர் கையெழுத்தில் முதல் வரி: 'கூரை மறுநாள்.' அதன் கீழே என் கையெழுத்து: 'டம்ளர் நாலு, பரண் மேல் டப்பாவில்.'